கலிஃபோர்னியா மாநிலத்துக்குத் தெரிந்தது: ஓர் எச்சரிக்கை வாக்கியத்தின் வரலாறு

பள்ளி நாட்களில் நம்மில் பலர் கண்ட காட்சி ஒன்றுண்டு. கோடை விடுமுறை முடிந்து பையைத் திறந்தால், வெள்ளை ரப்பர் பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். பிய்த்தெடுத்தால் ஸ்கேலில் ரப்பரின் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கும். வெயிலில் உருகிவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள், நாமும் நம்பினோம். ரப்பர் என்ற பெயரில் நாம் வாங்கியது பெரும்பாலும் பி.வி.சி. எனும் பிளாஸ்டிக். அதற்குள் இருந்த எண்ணெய் போன்ற ஒரு திரவம் மெல்ல வெளியேறி, பக்கத்தில் கிடந்த ஸ்கேலுக்குள் புகுந்து அதையும் இளகச் செய்திருந்தது.

அந்தத் திரவத்தைத் தொழிற்சாலைகளில் பிளாஸ்டிசைசர் என்பார்கள். நாம் இங்கே இளக்கி என்று வைத்துக்கொள்வோம். இக்கட்டுரை இளக்கிகளைப் பற்றியது. அவற்றைக் குறித்து மக்களை எச்சரிக்க எழுதப்பட்ட ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றியதும்கூட. இலக்கிய வாசகர்களுக்கு வேதியியல் எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எழுதப்பட்ட சொல் உலகில் எதையேனும் மாற்றுமா என்பது நாம் ஓயாமல் விவாதிக்கும் கேள்வி. ஒரு சட்டம் ஒரு வாக்கியத்தை வகுத்துக் கொடுத்து, இதை அச்சிடு என்று வணிகர்களுக்குக் கட்டளையிட்டால் என்ன நிகழும் என்பதற்குக் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுக் காலச் சான்று நம்மிடம் இருக்கிறது.

கற்பூரத்தில் தொடங்கிய கதை

முதல் இளக்கி நமக்கு மிகவும் பழக்கமான பொருள்: கற்பூரம். அமெரிக்காவின் ஜான் வெஸ்லி ஹயாட் 1870ஆம் ஆண்டு பெற்ற காப்புரிமை, நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரத்தைச் சேர்த்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் வார்க்கும் முறைக்கானது. செல்லுலாய்டு பிறந்தது. சீப்பு, பொம்மை, பின்னர் திரைப்படச் சுருள் என அது பரவியது. உலகத்துக்கான கற்பூரத்தில் பெரும்பகுதி தைவான் தீவின் காடுகளிலிருந்து வந்தது. 1895இல் தீவைக் கைப்பற்றிய ஜப்பான், 1899இல் அங்கே கற்பூர வணிகத்தை அரசின் ஏகபோகமாக்கியது.

கற்பூரம் தங்காது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டப்பாவில் மூடி வைத்தாலும் சிறுத்துக்கொண்டே போகும். அதனால்தான் நம் வீடுகளில் இரண்டு மிளகைப் போட்டு வைக்கும் வழக்கம். செல்லுலாய்டுக்குள் சென்ற கற்பூரமும் அப்படியே செய்தது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பழைய பொம்மைகளும் படச்சுருள்களும் சுருங்கி வெடித்தன. இளக்கிகளின் இயல்பு முழுவதும் இந்த முதல் உதாரணத்திலேயே அடங்கியிருக்கிறது. அவை பிளாஸ்டிக்கில் குடியிருக்கின்றன, அதனோடு பிணைந்துவிடுவதில்லை.

பி.வி.சி.யின் கதைக்கு வருவோம். ஜெர்மனியின் ஓய்கன் பாவ்மன் 1872இல் இதைப் பற்றி எழுதினார் என்றாலும், விறைப்பாகவும் எளிதில் நொறுங்குவதாகவும் இருந்த அந்தப் பொருளைக் கொண்டு என்ன செய்வதென்று நெடுங்காலம் எவருக்கும் தெரியவில்லை. 1926இல் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், பி. எஃப். குட்ரிச் நிறுவனத்தின் வால்டோ செமன், எளிதில் ஆவியாகாத கரைப்பான் ஒன்றில் அதைச் சூடாக்கிப் பார்த்தார். ஆறியபின் கையில் கிடைத்தது, வளைத்தால் வளைந்து, விட்டால் பழைய நிலைக்கு மீளும் ஒரு பொருள். பிறகு தாலேட் எனும் சேர்மக் குடும்பம் இந்த வேலைக்கு மலிவாகவும் பொருத்தமாகவும் அமைந்தது. அதில் தலையாயது டி.இ.எச்.பி.

இது வேலை செய்யும் விதம் எளியது. சிக்குப் பிடித்த கூந்தலில் எண்ணெய் தடவினால் இழைகள் ஒன்றின்மீது ஒன்று வழுக்குவதைப் போல, பி.வி.சி.யின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கிடையே இளக்கி புகுந்து அவற்றை நகரவிடுகிறது. மென்மையான பி.வி.சி. பொருளின் எடையில் 20 முதல் 40 சதவீதம்வரை இளக்கியாக இருப்பது சாதாரணம். மழைக்கோட்டு, குளியலறைத் திரை, தோட்டத்து ஹோஸ் குழாய், மின்கம்பியின் உறை, கருவிகளின் கைப்பிடி, செயற்கைத் தோல் பை எனப் பட்டியல் நீளும். சூடு பட்டாலும், எண்ணெய்ப் பசை பட்டாலும், குழந்தையின் உமிழ்நீர் பட்டாலும் அது சிறிது சிறிதாக வெளியேறும்.

இரத்தத்தில் ஒரு விருந்தாளி

1950களின் தொடக்கத்தில் கார்ல் வால்டர், வில்லியம் மர்ஃபி என்ற இரு மருத்துவர்களின் முயற்சியால், கண்ணாடிப் புட்டிகளில் சேமித்துவந்த இரத்தம் மெல்லிய பி.வி.சி. பைக்கு மாறியது. உடையாது, எடை குறைவு, கிருமி புகாது. போர்முனையிலும் விபத்துப் பிரிவிலும் இந்தப் பைகள் காத்த உயிர்களுக்குக் கணக்கில்லை.

1970இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ருடால்ஃப் ஜேகரும் ராபர்ட் ரூபினும் ஒரு செய்தியை வெளியிட்டனர். பையிலிருந்த டி.இ.எச்.பி. சேமித்த இரத்தத்துக்குள் கசிகிறது. அடுத்த இரண்டு ஆண்டுகளில், இரத்தம் ஏற்றப்பட்ட மனிதர்களின் உடல் திசுக்களிலும் அது இருப்பதைக் காட்டினார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கசியும் அதே டி.இ.எச்.பி. சிவப்பணுக்களின் சவ்வைத் திடப்படுத்தி, இரத்தத்தை நீண்ட நாள் கெடாமல் வைக்கவும் உதவுகிறது. இளக்கிகளைப் பற்றி எவரும் ஒற்றைச் சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிட முடியாமல் போனதற்கு இது ஒரு காரணம்.

1982இல் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் தன் ஆய்வை வெளியிட்டது. அதிக அளவில் டி.இ.எச்.பி. கலந்த உணவைத் தின்ற எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் ஈரலில் கட்டிகள் தோன்றின. எலிக்கு வந்தது மனிதனுக்கும் வருமா என்பதில் அறிஞர்கள் இன்றுவரை ஒரே குரலில் பேசவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1982இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்ற பிரிவில் வைத்தது. 2000இல் வகைப்படுத்த இயலாதது என்று இறக்கியது. 2011இல் மீண்டும் பழைய பிரிவுக்கே ஏற்றியது. பொருள் மாறவில்லை. அதைப் பற்றிய அறிவுதான் இறங்கி ஏறியது. இப்படிப்பட்ட அரைகுறை வெளிச்சத்தில் ஒரு சமூகம் என்ன செய்ய வேண்டும்? முழுவதும் தெரியும்வரை பேசாதிருப்பதா, தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்லிவிடுவதா?

மக்கள் எழுதிய சட்டம்

கலிஃபோர்னியா இரண்டாவது வழியைத் தேர்ந்தது. சட்டமன்றத்தைத் தாண்டி மக்களே நேரடியாக வாக்களித்துச் சட்டம் இயற்றும் முறை அங்கே உண்டு. 1986 நவம்பரில் ‘முன்மொழிவு 65’ ஏறத்தாழ 63 சதவீத வாக்குகளோடு நிறைவேறியது. அதை வரைந்தவர்களுள் முக்கியமானவர் டேவிட் ரோ என்ற வழக்கறிஞர்.

அச்சட்டம் எந்தப் பொருளையும் விற்காதே என்று சொல்லவில்லை. புற்றுநோயோ இனப்பெருக்கக் கேடோ விளைவிப்பதாக அறியப்பட்ட வேதிப்பொருட்களின் பட்டியலை ஆளுநர் வெளியிட வேண்டும். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனம், அவற்றுக்கு மக்களை ஆட்படுத்துமுன் தெளிவான, நியாயமான எச்சரிக்கை தர வேண்டும். அவ்வளவுதான். புதுமை இருந்த இடம் வேறு. பொதுவாக ஒரு பொருள் தீங்கானது என்று நிரூபிக்கும் சுமை அரசின் தலையில் விழும். இங்கே பட்டியலில் உள்ள பொருளின் அளவு அஞ்சத்தக்கதன்று என்று நிரூபிக்கும் சுமை விற்பவரின் தலைக்கு மாற்றப்பட்டது. 70 ஆண்டு வாழ்நாள் முழுவதும் அதற்கு ஆட்பட்டாலும் ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கு மேல் கூடுதலாகப் புற்றுநோய் வராது என்று காட்டினால், எச்சரிக்கை தேவையில்லை.

ஆளுநர் ஜார்ஜ் டியூக்மேஜியன் இச்சட்டத்தை எதிர்த்தவர். 1987 பிப்ரவரியில் அவர் வெளியிட்ட முதல் பட்டியலில் 29 பெயர்களே இருந்தன. மனிதர்களிடமே தீங்கு உறுதியானவை மட்டும் போதும் என்பது அரசின் வாதம். தொழிற்சங்கங்கள் நீதிமன்றம் சென்றன. விலங்காய்வில் புற்றுநோய் விளைவிப்பதாகத் தெரிந்தவற்றையும் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. விலங்காய்வின் சான்று மட்டுமே கொண்டிருந்த டி.இ.எச்.பி., 1988 ஜனவரி 1 அன்று பட்டியலில் ஏறியது.

இனி அந்த வாக்கியம். 1988இன் விதிகள் தந்த மாதிரி வடிவத்தை நாம் தமிழில் இப்படிச் சொல்லலாம்: “எச்சரிக்கை: புற்றுநோய் விளைவிப்பதாகக் கலிஃபோர்னியா மாநிலத்துக்குத் தெரிந்த ஒரு வேதிப்பொருள் இப்பொருளில் உள்ளது.”

ஒருமுறை நிறுத்திப் படித்துப் பார்ப்போம். எந்த வேதிப்பொருள்? சொல்லவில்லை. எவ்வளவு? சொல்லவில்லை. உடலுக்குள் எப்படிப் போகும், தவிர்க்க என்ன செய்யலாம்? அதுவும் இல்லை. தெரிந்தது மாநிலத்துக்கு, படிப்பவருக்குத் தெரிவதெல்லாம் மாநிலத்துக்கு ஏதோ தெரியும் என்பது மட்டுமே. விடுதி வாசலிலும் வாகன நிறுத்தத்திலும் உணவகச் சுவரிலும் இதே பாணி வாசகம் மாட்டப்பட்டது. வழக்கை விடப் பலகை மலிவு என்பதால் தேவையில்லாத இடத்திலும் சிலர் மாட்டினார்கள். எங்கும் இருக்கும் எழுத்தைக் கண் படிப்பதை நிறுத்திவிடுகிறது. நம் ஊர்ச் சுவர்களில் ‘நோட்டீஸ் ஒட்டாதீர்’ என்ற வாசகத்துக்கு நேர்ந்த கதிதான் இதற்கும்.

படிக்கப்படாத வாக்கியத்தின் வலிமை

அப்படியானால் சட்டம் தோற்றதா என்றால், அதுதான் இல்லை. வாசகர்களை மட்டும் பார்த்தால் இந்த வரலாறு பிடிபடாது. அந்த வாக்கியத்தைத் தங்கள் பொருளின்மீது அச்சிட நேர்ந்தவர்களைப் பார்க்க வேண்டும்.

இச்சட்டத்தை அரசு மட்டுமன்றி எந்தத் தனிமனிதரும் பொதுநலன் கருதி நிலைநாட்டலாம். 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, அரசு வழக்கறிஞர்கள் எடுக்காவிட்டால் தாமே வழக்குத் தொடரலாம். ஒரு மீறலுக்கு நாளொன்றுக்கு 2,500 டாலர்வரை அபராதம்; அதில் கால்பங்கு வழக்குத் தொடுத்தவருக்கு. இதையே தொழிலாகக் கொண்ட வழக்கறிஞர்கள் தோன்றினார்கள். சிறு வணிகர்களிடம் பணம் பறிக்கும் வேலை என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனாலும் அந்த வழக்குகளின் சமரச ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை திரும்பத் திரும்ப வந்தது. பொருளில் தாலேட்டின் அளவை 0.1 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவா. அல்லது எச்சரிக்கை ஒட்டு.

தன் கைப்பையின்மீது புற்றுநோய் என்ற சொல்லை எந்த வணிகரும் விரும்பி அச்சிடமாட்டார். பலர் கலவையை மாற்றினார்கள். ஒரே ஆலையில் கலிஃபோர்னியாவுக்கு ஒரு கலவை, மற்ற ஊர்களுக்கு வேறு கலவை என்று செய்வதும் சிரமம். ஆகவே அந்த மாநிலத்தின் பெயரையே அறியாத ஊர்களின் கடைகளிலும் மாற்றப்பட்ட பொருட்கள் வந்து சேர்ந்தன. எச்சரிக்கை வாக்கியம் தன் வேலையைச் செய்தது, அது அச்சிடப்படாமல் போன இடங்களில்தான் என்று நாம் கருதுகிறோம்.

இந்த வெற்றியின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2003இல் டி.இ.எச்.பி. இனப்பெருக்கக் கேட்டுக்காகவும் பட்டியலில் சேர்ந்தது, 2005இல் டி.பி.பி., பி.பி.பி. முதலான வேறு தாலேட்டுகள், 2007இல் டி.ஐ.டி.பி. உற்பத்தியாளர்கள் நாடிய மாற்று பெரும்பாலும் அதே குடும்பத்தின் இன்னோர் உறுப்பினரான டி.ஐ.என்.பி. 2001 முதல் 2010 வரை அமெரிக்கர்களின் சிறுநீர் மாதிரிகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. டி.இ.எச்.பி.யின் தடயம் அந்தப் பத்தாண்டில் குறைந்திருந்தது, டி.ஐ.என்.பி.யின் தடயம் இருமடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. 2013 டிசம்பரில் டி.ஐ.என்.பி.யும் புற்றுநோய்ப் பட்டியலில் ஏறியது. அமெரிக்க வேதியியல் தொழிற்சபை வழக்குத் தொடுத்தது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் முடிவை உறுதிசெய்தது. பெயர்களின் பட்டியல் எப்போதும் பொருளுக்குப் பின்னால்தான் ஓடுகிறது. ஒரு பெயரைப் பிடிப்பதற்குள் அடுத்த பெயர் சந்தைக்கு வந்துவிடுகிறது.

படிக்கத் தெரியாத வாசகர்

எச்சரிக்கைக்கு எட்டாத ஒரு மனிதக் கூட்டம் உண்டு: பல் முளைக்கும் குழந்தைகள். கையில் கிடைத்ததை வாயில் வைப்பவர்கள். அமெரிக்காவில் குழந்தைகள் கடிக்கும் வளையங்களில் டி.இ.எச்.பி.யைக் குறைக்க 1980களில் உற்பத்தியாளர்கள் தாமாக ஒப்புக்கொண்டனர். அங்கும் அந்த இடத்துக்கு வந்தது டி.ஐ.என்.பி. கலிஃபோர்னியாவின் கணக்கில் வளர்ந்தவருக்கு டி.இ.எச்.பி. வாய்வழியாக நாளொன்றுக்கு 410 மைக்ரோகிராம்வரை எச்சரிக்கை வேண்டாம். பிறந்து ஒரு மாதத்துக்குட்பட்ட ஆண்குழந்தைக்கு அந்த எல்லை 20 மைக்ரோகிராம்தான். இருவருக்கும் இடையிலான இந்தத் தொலைவை அந்த ஒற்றை வாக்கியத்தால் சொல்ல இயலாது.

இங்கே ஐரோப்பா வேறு வழியில் சென்றது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் வாயில் வைப்பதற்கென்றே செய்யப்படும் பொருட்களில் ஆறு தாலேட்டுகளை 1999 டிசம்பரில் தற்காலிகமாகத் தடைசெய்து, அத்தடையை மீண்டும் மீண்டும் நீட்டித்து, 2005இல் நிரந்தரமாக்கியது. டி.இ.எச்.பி., டி.பி.பி., பி.பி.பி. மூன்றும் எல்லாப் பொம்மைகளிலும் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மற்ற மூன்றும் வாயில் வைக்கக்கூடிய பொம்மைகளில் தாண்டக் கூடாது. எச்சரிக்கைச் சட்டத்தின் தாயகமான கலிஃபோர்னியாவே குழந்தைப் பொருட்களைப் பொறுத்தவரை 2007இல் தடைச் சட்டம் இயற்றியது. 2008இல் அமெரிக்கா முழுவதும் அவ்வாறே ஆனது. படிக்க முடியாதவருக்கு எழுத்தால் பயனில்லை என்பதை எழுத்தை நம்பியவர்களும் ஒப்புக்கொண்ட தருணம் இது.

எச்சரிக்கையின் எல்லையை வேறு விதமாகக் காட்டியது தைவான். உலகத்துக்குக் கற்பூரம் தந்த அதே தீவு. 2011இல் அங்கே உணவுச் சோதனைக்கூடத்தில் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்த ஒரு பரிசோதகர், வரைபடத்தில் இருக்கக் கூடாத ஒரு முகட்டைக் கண்டார். அதை ஒதுக்கிவிடாமல் பின்தொடர்ந்தபோது அது டி.இ.எச்.பி. என்று தெரிந்தது. பானங்களுக்குக் கலங்கல் தோற்றம் தரும் சேர்மானத்தில், பாமாயிலுக்குப் பதிலாக மலிவான இளக்கியைக் கலந்திருந்தார்கள். பழச்சாறும் விளையாட்டு வீரர்களுக்கான பானங்களும் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. எந்தச் சிட்டையும் அதைச் சொல்லியிருக்கவில்லை. சொல்லும் என்று எவரும் எதிர்பார்க்கவும் முடியாது. அங்கே மக்களைக் காத்தது கவனமாகப் படித்த ஒரு கண்.

பெயரைச் சொல்

பழைய வாக்கியத்தின் குறை கலிஃபோர்னியாவுக்கும் தெரியாமல் இல்லை. 2016இல் வகுத்து 2018 ஆகஸ்ட் 30 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், மஞ்சள் முக்கோணத்தில் ஆச்சரியக்குறியோடு, குறைந்தது ஒரு வேதிப்பொருளின் பெயரையாவது சொல்ல வேண்டும் என்றன. இந்தப் பொருள் உங்களை இன்ன வேதிப்பொருளுக்கு ஆட்படுத்தக்கூடும் என்று, முதன்முறையாக ‘நீங்கள்’ என்பவர் வாக்கியத்துக்குள் வந்தார். கூடவே, இடம் போதாத சிறு பொருட்களுக்கென்று பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு குறுவடிவத்தையும் அனுமதித்தார்கள். இடம் தாராளமாக இருந்த பொருட்களிலும் அந்தக் குறுவடிவமே ஏறியது. அதை அடைக்க 2025 ஜனவரி 1 முதல் இன்னொரு திருத்தம்: குறுவடிவமும் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். மாறிக்கொள்ள மூன்றாண்டு அவகாசம்.

2024இல் அதே மாநிலம் இன்னொரு சட்டமும் இயற்றியது. நரம்புவழி மருந்து ஏற்றும் பைகளில் டி.இ.எச்.பி. 2030 முதல் கூடாது. குழாய்களில் 2035 முதல் கூடாது. இரத்தப் பைகளுக்கு விலக்கு. ஜேகரும் ரூபினும் எழுதியதற்கும் இதற்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்திருக்கிறது.

நம் நாட்டில் எச்சரிக்கை வாக்கியம் என்ற வழி இல்லை. வரம்பு என்ற வழி உண்டு. 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு ஆணை, தாலேட்டுகளைப் பற்றிய இந்தியத் தரநிலையையும் உள்ளடக்கியது. ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத பொம்மையை விற்கலாகாது. வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்த ஆணை பொம்மைகளுக்கானது. மழைக்கோட்டும் செருப்பும் மேசைவிரிப்பும் அதன் வரம்புக்குள் வருவன அல்ல.

வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்கள் கொண்டுதரும் பொருட்களில் அந்த மஞ்சள் முக்கோணத்தைக் கண்டு திடுக்கிட்டவர்கள் நம்மிடையே உண்டு. திடுக்கிடத் தேவையில்லை, அந்த எச்சரிக்கை, பொருளில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதில்லை. எச்சரிக்கை இல்லாத பொருளைக் கண்டு நிம்மதி கொள்ளவும் காரணமில்லை. அங்கே கேட்பவர் இருந்ததால் எழுதினார்கள், கேட்காத இடத்தில் எழுதவில்லை என்பதாகவும் இருக்கலாம். இப்போது சில அழிரப்பர்களின் உறையில் ‘தாலேட் இல்லாதது’ என்ற சொற்களைக் காண்கிறோம். எங்கோ ஒரு மாநிலத்தின் வாக்காளர்கள் 1986இல் தொடங்கிவைத்த பேச்சின் ஒரு துளியும் அதில் கலந்திருக்கக்கூடும். வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தால், அடுத்த முறை பென்சில் பெட்டியைத் திறந்து பார்ப்போம். ரப்பர் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டிருந்தால், வெயிலில் உருகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம்.